பாக்தாத் அருங்காட்சியகக் கொள்ளை: குண்டு விழாமல் காத்தவர்கள் காவல் நிற்காதது ஏன்?

2003 ஏப்ரலில் ஈராக்கின் தலைநகரான பாக்தாத் வீழ்ந்தது. அடுத்த சில நாட்களிலேயே அந்நாட்டின் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதைப் பற்றிய பேச்சு மூன்று தடங்களிலேயே ஓடுகிறது. போர் என்று வந்தால் கொள்ளையும் வரத்தான் செய்யும், இதில் யாரைக் குறை சொல்வது என்பார்கள் சிலர். அமெரிக்கச் சிப்பாய்கள்தான் அள்ளிக்கொண்டு போனார்கள் என்பார்கள் வேறு சிலர். உள்ளூர் மக்கள் தங்கள் சொத்தைத் தாங்களே கொள்ளையடித்தால் வந்த படை என்ன செய்ய முடியும் என்பது மூன்றாவது தடம்.

மூன்றும் ஒரே கேள்வியைத் தொடாமல் போகின்றன. ஒரு நாட்டின் அரசைப் படையெடுத்து வீழ்த்துபவர், அந்த அரசு செய்துவந்த காவல் வேலையை எந்த நிமிடத்திலிருந்து ஏற்றுக்கொள்ள வேண்டும்? கொள்ளையடித்தவர் ஒருவர், தடுக்கத் தவறியவர் இன்னொருவர். முன்னவரின் குற்றம் பின்னவரின் தவறை அழித்துவிடாது. இந்தக் கட்டுரை பின்னதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

முதலில், நடந்தது என்ன?

படையெடுப்பு 2003 மார்ச் 20 அன்று தொடங்கியது. ஏப்ரல் 8 அன்று சண்டை அருங்காட்சியகத்தின் வாசலுக்கே வந்துவிட்டதால், கடைசி வரை உள்ளே தங்கியிருந்த ஒரு சில அதிகாரிகளும் வெளியேறினார்கள். மறுநாள் பாக்தாத் வீழ்ந்தது. ஏப்ரல் 10 முதல் 12 வரை கொள்ளை நடந்தது. 12ஆம் தேதி ஊழியர்கள் திரும்பி வந்து, எஞ்சியிருந்த கும்பலை விரட்டினார்கள். ஈராக்கின் அரசுத் தொல்லியல் வாரியத்தில் ஆய்வுப் பிரிவு இயக்குநராக இருந்த டானி ஜார்ஜ், அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்க் காவல் கேட்டார். பீரங்கி வண்டிகள் வந்து நின்றது ஏப்ரல் 16 அன்று.

முதல் வாரத்தில் உலகம் முழுக்கப் பரவிய எண் 1,70,000. அவ்வளவு பொருள்கள் களவு போயின என்று செய்திகள் வந்தன. அது அருங்காட்சியகத்தின் மொத்த இருப்பாகச் சொல்லப்பட்ட எண். அதையே இழப்பாக எழுதிவிட்டார்கள். பிறகு நடந்த விசாரணையில் இழப்பு ஏறத்தாழ 15,000 என்று தெரிந்தது. பெரிய எண் பொய்யானதும் பேச்சு எதிர்த்திசையில் சாய்ந்து, எல்லாமே ஊதிப் பெருக்கப்பட்ட கதை என்ற எண்ணம் சிலரிடம் வேரூன்றிவிட்டது. எழுத்து பிறந்த மண்ணிலிருந்து 15,000 பொருள்கள் போனதைச் சிறு விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இழப்பு அந்த அளவோடு நின்றதற்குக் காரணம் ஊழியர்கள்தான். காட்சிப் பேழைகளில் இருந்த 8,366 பொருள்களைப் போருக்கு முன்பே எடுத்து ஓர் இரகசிய அறையில் அடுக்கிவைத்திருந்தார்கள். அந்த இடம் ஐந்தே பேருக்குத் தெரியும்; யாரிடமும் சொல்வதில்லை என்று அவர்கள் குர்ஆன் மீது சத்தியம் செய்திருந்தார்கள். பழைய சுவடிகளும் நூல்களுமாக ஏறத்தாழ 40,000 உருப்படிகள் நகரின் மேற்குப் பகுதியில் ஒரு பதுங்கறைக்குப் போயிருந்தன. கொள்ளையர் வந்தபோது அந்தத் தெருக்காரர்களே கூடி நின்று அவற்றைக் காத்தார்கள். பண்டைய அசீரிய நகரமான நிம்ருத்தின் அரசியருடைய தங்க நகைகள் 1990களிலிருந்தே மத்திய வங்கியின் நிலவறையில் இருந்தன. தூக்க முடியாத பெரிய சிலைகளைச் சுற்றி மணல் மூட்டைகளும் பஞ்சு மெத்தைகளும் அடுக்கப்பட்டிருந்தன. ஊழியர்களின் கையில் இருந்த வேலை அவ்வளவுதான். வாசலில் ஆயுதத்தோடு நிற்பது அவர்களால் ஆகக்கூடியதாக இல்லை.

பொறுப்பு கை மாறும் நேரம்

நம் ஊர்ப் பெரிய கோயில் ஒன்றின் செயல் அலுவலர் மாற்றலாகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அன்று மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட முடியாது. நகைப் பெட்டகத்தின் சாவி, சொத்துப் பதிவேடு, உண்டியல் கணக்கு எல்லாவற்றையும் புதிதாக வருபவர் முன்னிலையில் சரிபார்க்க வேண்டும். வருபவர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்ற பிறகே போகிறவருக்கு விடுதலை. இந்த நடைமுறையின் நோக்கமே, பெட்டகத்துக்கு யாரும் பொறுப்பில்லாத ஒரு மணி நேரம்கூட இருக்கக் கூடாது என்பதுதான்.

படையெடுப்பில் நடப்பது இதற்கு நேர்மாறு. போகிறவர் ஓடிவிடுகிறார், போலீஸ்காரர் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார், வருகிறவரோ, சண்டை இன்னும் முடியவில்லை, எனவே நான் இன்னும் பொறுப்பேற்கவில்லை என்கிறார். பழைய காவல் கலைந்து புதிய காவல் வராத அந்த இடைவெளியில்தான் கொள்ளை நடக்கிறது. பாக்தாதில் அந்த இடைவெளி ஏப்ரல் 8 முதல் 16 வரை நீண்டது. கோயிலில் பொறுப்பு மாறும் நேரத்தைக் களவாணி முன்கூட்டி அறிய முடியாது. படையெடுப்பின் தேதியோ ஊருக்கே தெரியும், காத்திருப்பவர் காத்திருக்கலாம்.

இந்த இடைவெளி எதிர்பாராமல் வந்ததும் அல்ல. 1991 வளைகுடாப் போர் முடிந்த கையோடு ஈராக்கின் தெற்கிலும் வடக்கிலும் கிளர்ச்சி வெடித்தபோது, ஒன்பது மாவட்ட அருங்காட்சியகங்கள் சூறையாடப்பட்டு ஏறத்தாழ 4,000 பொருள்கள் மறைந்திருந்தன. அதே நாடு, அரசின் பிடி தளர்ந்ததும் அதே வகையான கொள்ளை, பன்னிரண்டு ஆண்டு இடைவெளி.

இதுவரை பார்த்தது: கொள்ளைக்கு வழி திறந்தது காவல் இல்லாத எட்டு நாள் இடைவெளி. அந்த இடைவெளியில் காவல் யார் பொறுப்பு என்பதைச் சட்டத்தில் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டு சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். ‘பண்பாட்டுச் சொத்து’ என்பது ஒரு மக்களின் மரபுக்கு மிகுந்த முக்கியத்துவம் உடைய கட்டடம், தொல்லியல் இடம், கலைப்பொருள், நூல், சுவடி ஆகியவற்றையும், அவற்றை வைத்திருக்கும் அருங்காட்சியகம், நூலகம், ஆவணக் காப்பகம் ஆகியவற்றையும் சேர்த்துக் குறிக்கும் சட்டச் சொல். ‘ஆக்கிரமிப்பு’ என்பதை நாம் வசைச்சொல்லாகப் பயன்படுத்தினாலும், போர்ச் சட்டத்தில் அது ஒரு நிலைமையின் பெயர் மட்டுமே: ஓர் இடம் எதிரிப் படையின் அதிகாரத்தின் கீழ் உண்மையிலேயே வந்துவிட்டால் அது ஆக்கிரமிக்கப்பட்ட இடம்.

1907ஆம் ஆண்டின் ஹேக் விதிமுறைகள் ஆக்கிரமித்த படைக்கு ஒரு வேலையைக் கொடுக்கின்றன. அதன் 43ஆவது விதியின்படி, பொது ஒழுங்கை மீட்டு நிலைநிறுத்தத் தன்னால் இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் அந்தப் படை எடுக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவின் கலைச் செல்வங்களுக்குச் செய்ததைப் பார்த்த பிறகு, 1954இல் ஹேக் நகரிலேயே பண்பாட்டுச் சொத்துக்கென்று தனி உடன்படிக்கை ஒன்று உருவானது. நீலமும் வெள்ளையுமான கேடயச் சின்னம் அதிலிருந்துதான் வந்தது. அதன் நான்காவது பிரிவு, பண்பாட்டுச் சொத்தின் திருட்டையும் சூறையாடலையும் தடைசெய்யவும், நிகழாமல் தடுக்கவும், நிகழ்ந்தால் நிறுத்தவும் உறுப்பு நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது.

எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறையில் வழுக்கியதற்கு மூன்று ஓட்டைகள் இருந்தன. அமெரிக்கா 1954 உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தது, ஆனால் 2003 வரை தன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்று அதை உறுதிசெய்யவில்லை, பிரிட்டனும் உறுதிசெய்யவில்லை. இரண்டாவதாக, நான்காவது பிரிவு ஒரு படை தன் சொந்தச் சிப்பாய்களின் திருட்டைத் தடுப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறதா, உள்ளூர்க் கும்பலின் திருட்டையும் சேர்த்துச் சொல்கிறதா என்பதில் சட்ட அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மூன்றாவது ஓட்டைதான் பெரியது. 43ஆவது விதியின் கடமை ஆக்கிரமிப்பு தொடங்கியதும்தான் பிறக்கிறது. ஏப்ரல் 10 அன்று பாக்தாதில் நடந்துகொண்டிருந்தது சண்டையா, ஆக்கிரமிப்பா? தெருவுக்குத் தெரு விடை மாறிய நாட்கள் அவை. அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்புச் சக்திகள் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 1483ஆம் தீர்மானத்தில் குறிப்பிட்டது மே 22 அன்று. கொள்ளை முடிந்து ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு.

தாக்காதே என்பதும் காவல் நில் என்பதும்

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அமெரிக்க இராணுவத்துக்கு அருங்காட்சியகத்தின் மதிப்பே தெரியாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தெரியும். 2003 ஜனவரியில் சிகாகோ பல்கலைக்கழகத் தொல்லியலாளர் மெக்குவயர் கிப்சன் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பெண்டகனுக்கே சென்று அதிகாரிகளைச் சந்தித்து, ஈராக்கின் தொல்லியல் இடங்களின் பட்டியலைக் கொடுத்தார். அருங்காட்சியகம் அதில் முதன்மையானது என்றும், 1991இல் நடந்தது மீண்டும் நடக்கலாம் என்றும் எச்சரித்தார். அவர் கொடுத்த தகவல் வீண்போகவும் இல்லை. அது ‘தாக்காப் பட்டியலில்’ ஏறியது. விமானமும் பீரங்கியும் குறிவைக்கக் கூடாத இடங்களின் பட்டியலுக்கு அந்தப் பெயர். மருத்துவமனை, பள்ளிவாசல், பள்ளிக்கூடம் வரிசையில் அருங்காட்சியகமும் சேர்ந்தது. அந்தப் பட்டியல் தன் வேலையைச் செய்தது: பாக்தாத் மீது அத்தனை குண்டுகள் விழுந்தும் அருங்காட்சியகத்தின் மீது வான்குண்டு எதுவும் விழவில்லை.

பிரச்சினை என்னவென்றால், தாக்காப் பட்டியல் ஒன்றைச் செய்யாதே என்று சொல்லும் கட்டளை. அதற்குக் கீழ்ப்படிய ஆள் தேவையில்லை, வண்டி தேவையில்லை, பணம் தேவையில்லை. காவல் நில் என்பது ஒன்றைச் செய் என்று சொல்லும் கட்டளை. அதற்கு இன்ன படைப்பிரிவு, இன்ன நேரத்தில், இத்தனை பேருடன், இன்ன அதிகாரத்துடன் அங்கே போக வேண்டும் என்று யாராவது எழுதிக் கையெழுத்திட்டாக வேண்டும். இராணுவத்தில் யாருடைய பெயரும் இல்லாத வேலை நடக்காத வேலை. தொல்லியலாளர்கள் இரண்டையும் சேர்த்தே கேட்டதாக நினைத்தார்கள். இராணுவத்தின் காதில் முதலாவது மட்டுமே விழுந்தது.

இரண்டாவதை எழுத்தில் கேட்டவர்களும் இருந்தார்கள். போருக்குப் பிந்தைய நிர்வாகத்துக்கென்று ஜே கார்னர் தலைமையில் அமைக்கப்பட்ட அலுவலகம், மார்ச் 26 அன்று தரைப்படைத் தளபதிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. பாக்தாதில் உடனடியாகக் காக்க வேண்டிய பதினாறு இடங்கள் அதில் இருந்தன. முதலிடம் மத்திய வங்கி, இரண்டாமிடம் அருங்காட்சியகம், பதினாறாமிடம் எண்ணெய் அமைச்சகம். பதினாறாமிடத்துக்குக் காவல் உடனே வந்தது, இரண்டாமிடத்துக்கு வரவில்லை. இதை வைத்து எண்ணெய்க்காகவே எல்லாம் நடந்தது என்று முடிப்பது எளிது. அந்த முடிவைத் தள்ளிவிட முடியாதென்றாலும், எனக்கு அதிகம் பட்டது வேறு. கார்னரின் அலுவலகம் தளபதிகளுக்கு வேண்டுகோள் விடுக்கலாமே தவிர உத்தரவிட முடியாது. படை ஒரு கட்டளைச் சங்கிலியில் இருந்தது, அவர் வேறொன்றில் இருந்தார். காகிதம் போய்ச் சேர்ந்தது, அதற்கு மேல் எதுவும் நகரவில்லை.

ஆள் பற்றாக்குறையும் உண்மை. போருக்குப் பின் ஈராக்கைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கப் பல இலட்சம் படையினர் தேவைப்படுவார்கள் என்று அமெரிக்கத் தரைப்படைத் தலைமைத் தளபதி எரிக் ஷின்செகி 2003 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். பெண்டகன் தலைமை அந்தக் கணக்கைப் பகிரங்கமாகவே மறுத்து, வேகமாகப் பாய்ந்து அரசை வீழ்த்தப் போதுமான சிறிய படையை அனுப்பியது. வீழ்த்துவதற்கு அது போதும் என்பது நிரூபணமானது. ஐம்பது இலட்சம் பேர் வாழும் நகரத்தின் தெருக்களில் நிற்க அது போதவில்லை. கொள்ளையரைச் சுடலாமா, கைது செய்யலாமா, செய்தால் எங்கே வைப்பது என்பதற்கெல்லாம் சிப்பாய்களிடம் தெளிவான விதி இல்லை.

படையின் தரப்பிலிருந்தும் ஒரு வாதம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஈராக்கியப் படையினர் அருங்காட்சியக வளாகத்துக்குள்ளிருந்தே சுட்டார்கள். பண்பாட்டுச் சொத்தைப் போர்நிலையாக மாற்றுவது 1954 உடன்படிக்கைக்கு எதிரானது. ஈராக் அதில் உறுப்பு நாடு. அதே வளாகத்திலுள்ள குழந்தைகள் அருங்காட்சியகத்தின் வாயில் வளைவில் ஓர் அமெரிக்கப் பீரங்கிக் குண்டு துளைத்த ஓட்டை அந்தச் சண்டையில் ஏற்பட்டதுதான். அந்நேரத்தில் உள்ளே புகுந்திருந்தால் கட்டடமே சிதைந்திருக்கும் என்கிறது படைத் தரப்பு. ஏப்ரல் 8, 9 தேதிகளுக்கு இந்த வாதம் பொருந்தும். கொள்ளை நடந்துகொண்டிருந்தபோது ஒருமுறை சிப்பாய்கள் வந்து கொள்ளையரின் தலைக்கு மேல் சுட்டார்கள், கூட்டம் கலைந்தது, அரை மணி நேரத்தில் அவர்கள் போய்விட்டார்கள் என்று அருங்காட்சியகத் தொல்லியலாளர் ஒருவர் அப்போதே செய்தியாளர்களிடம் சொன்னார். 12ஆம் தேதி முதல் 16ஆம் தேதி வரையிலான நாட்களுக்கு எந்த வாதமும் பொருந்தவில்லை.

ஏப்ரல் 11 அன்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் செய்தியாளர்களைச் சந்தித்தார். யாரோ ஒருவர் ஒரு குடுவையைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரே காட்சியைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டுகிறது, ஒரு நாட்டில் அத்தனை குடுவைகளா இருக்கும் என்று அவர் வேடிக்கையாகக் கேட்டபோது, கொள்ளை இன்னும் முடிந்திருக்கவில்லை. அதே மாதம் அமெரிக்க அதிபரின் பண்பாட்டுச் சொத்து ஆலோசனைக் குழுவின் தலைவர் மார்ட்டின் சல்லிவன் பதவி விலகினார்.

இதுவரை பார்த்தது: தகவல் இருந்தது, எச்சரிக்கை இருந்தது, எழுத்துக் குறிப்பும் இருந்தது. குண்டு விழாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வெற்றி பெற்றது. காவல் நிற்கும் வேலை மட்டும் எந்தப் படைப்பிரிவின் பெயரிலும் எழுதப்படவில்லை.

ஒரே கொள்ளை அல்ல, மூன்று

விசாரணையை நடத்திய அமெரிக்கக் கடற்படைத் தரைப்பிரிவுக் கர்னல் மாத்யூ பொக்டானோஸ், இராணுவத்துக்கு வெளியே நியூயார்க்கில் அரசு வழக்கறிஞர். அவருடைய குழு கண்டறிந்தபடி, அந்த மூன்று நாட்களில் நடந்தவை மூன்று வேறு வகைத் திருட்டுகள்.

காட்சிக் கூடங்களில் போனவை நாற்பது பொருள்கள் அளவில்தான். ஆனால் எடுத்தவர்களுக்கு எது எதுவென்று தெரிந்திருந்தது. அசலை எடுத்துக்கொண்டு, அச்சில் வார்த்த நகலைத் தொடாமல் போயிருந்தார்கள். 5,000 ஆண்டுப் பழமையான வார்க்கா குடுவையும், வார்க்கா பெண்முகமும், 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாசெத்கி செப்புச் சிலையும் இவற்றுள் அடங்கும். அந்தச் சிலையைத் தூக்க முடியாமல் படிக்கட்டில் இழுத்துப் போனதில் படிகள் உடைந்திருந்தன. இரண்டாவது வகை, தரைமட்டத்துக்கு மேலிருந்த சேமிப்பறைகளில் கும்பல் புகுந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளியது. 3,000க்கும் மேற்பட்ட பொருள்கள் அப்படிப் போயின.

மூன்றாவதுதான் விசாரணையாளர்களை உலுக்கியது. நிலவறையின் ஒரு மூலையில், செங்கல்லால் அடைக்கப்பட்ட வழிக்குப் பின்னால், நாணயங்களும் உருளை முத்திரைகளும் பூட்டிய இரும்புப் பேழைகளில் இருந்தன. உருளை முத்திரை என்பது விரல் நீளமே உள்ள கல் உருளை. ஈரக் களிமண்ணில் உருட்டினால் அதில் செதுக்கிய உருவங்கள் பதியும். பண்டைய ஈராக்கான மெசொப்பொத்தேமியாவில் அது ஒருவருடைய கையெழுத்துக்கு ஒப்பானது. திருடர்கள் அந்த மூலைக்கு நேராக வந்திருக்கிறார்கள். பேழைகளின் சாவிகளும் அவர்களிடம் இருந்தன, அதுவும் வேறொரு இடத்தில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த சாவிகள். மின்சாரம் கிடையாது. மெத்தைப் பஞ்சைக் கொளுத்தி வெளிச்சம் காட்டியதில் புகை மண்டியது; இருட்டில் சாவிக்கொத்து கை தவறி, தரையில் இறைந்து கிடந்த பிளாஸ்டிக் பெட்டிகளுக்கிடையே விழுந்துவிட்டது. அதைத் தேடித் தேடிக் கிடைக்காமல், வெளியே இருந்த பெட்டிகளில் இருந்ததைக் கொட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அப்படிப் போனவை மட்டும் ஏறத்தாழ 4,800 முத்திரைகளும், மணிகளும் ஊசிகளும் தாயத்துகளுமாக 5,000க்கும் மேற்பட்ட சிறு பொருள்களும். பூட்டிய பேழைகள் திறக்கப்படவே இல்லை. உள்ளாள் உதவியின்றி இது நடந்திருக்க முடியாது என்பது விசாரணைக் குழுவின் முடிவு.

காவல் இருந்திருந்தால் மூன்றும் நின்றிருக்குமா என்று கேட்கலாம். உள்ளாள் திருட்டு, காவல் இருந்த இடங்களிலும் நடப்பதுதான். ஆனால் அந்த உள்ளாளும் காவல் இல்லாத நாளுக்காகத்தான் காத்திருந்தார்.

அருங்காட்சியகத்துக்கு வெளியே

ஏப்ரல் 14 அன்று தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் எரிந்தன. அருங்காட்சியகத்தில் காவல் இல்லை என்பது உலகத்துக்கே தெரிந்துவிட்ட பிறகு நடந்தது இது.

நீண்ட கால நோக்கில் இதைவிடப் பெரிய இழப்பு நகரத்துக்கு வெளியே, தெற்கு ஈராக்கின் தொல்மேடுகளில் நிகழ்ந்தது. உம்மா, இசின், அதாப் போன்ற சுமேரிய நகர மேடுகளை ஆட்கள் கூட்டமாக வந்து இரவு பகலாகத் தோண்டினார்கள்; வானிலிருந்து எடுத்த படங்களில் நிலம் முழுக்க அம்மைத் தழும்பு போல் குழிகள். 1990களின் பொருளாதாரத் தடையில் வறுமை முற்றியபோதே தொடங்கிவிட்ட தொழில் இது. சம்பளம் நின்று காவலர்கள் கலைந்ததும் கட்டவிழ்ந்தது. அருங்காட்சியகப் பொருளுக்குப் பதிவெண்ணும் புகைப்படமும் உண்டு, திருடு போனால் அடையாளம் காட்டலாம். குழியிலிருந்து நேராகச் சந்தைக்குப் போகும் களிமண் பலகை இருந்ததே யாருக்கும் தெரியாது. எந்த மண்ணடுக்கில், எந்தச் சுவருக்குள், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதைத் தொல்லியலில் ‘சூழல்’ என்பார்கள். சூழல் போன பொருளைக் கடைசியில் மீட்டாலும் அதன் பாதிக் கதை போனது போனதுதான்.

தடுப்பது முடியாத காரியம் இல்லை என்பதற்கும் அங்கேயே சான்று இருந்தது. நசீரியா பகுதியில் பொறுப்பேற்ற இத்தாலியப் படையில் கரபினியேரி எனப்படும் காவல்படையினர் இருந்தார்கள். பழம்பொருள் திருட்டைத் துப்பறிவதற்கென்றே இத்தாலி பல பத்தாண்டுகளாகத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. அவர்கள் ஹெலிகாப்டரில் ரோந்து போய், தொல்மேடுகளில் தோண்டுபவர்களைப் பிடித்தார்கள். உர் நகர மேடோ, அருகிலுள்ள விமானத் தளத்தின் வேலிக்குள் அகப்பட்டதால் தோண்டுபவர்களிடமிருந்து தப்பியது.

ஆனால் படை போய் உட்கார்ந்தாலே காவல் ஆகிவிடாது. பாபிலோனில் முதலில் அமெரிக்கப் படையும் பின்பு போலந்துத் தலைமையிலான படையும் முகாமிட்டன. கொள்ளையர் வரவில்லை. 2004 இறுதியில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் கர்ட்டிஸ் போய்ப் பார்த்தபோது, தொல்மேட்டின் குறுக்கே அகழிகள் வெட்டப்பட்டிருந்தன; 2,600 ஆண்டுப் பழைய செங்கல் தளம் கனரக வண்டிகளின் கீழ் நொறுங்கியிருந்தது; பானை ஓடுகள் கலந்த தொல்மண்ணையே அள்ளி மணல் மூட்டைகளில் நிரப்பியிருந்தார்கள்.

போன பொருள் எங்கே போகிறது?

கேள்வி கேட்கமாட்டோம், கொண்டுவந்து கொடுங்கள் என்று பொக்டானோஸ் குழு அறிவித்ததற்கு நல்ல பலன் கிடைத்தது. 2003 ஜூனில் மூன்று பேர் ஒரு காரின் பின்பெட்டியில் வார்க்கா குடுவையைத் துண்டுகளாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். செப்டம்பரில் பெண்முகம் ஒரு தோட்டத்து மண்ணுக்கடியில் கிடைத்தது. நவம்பரில் பாசெத்கி சிலை, உடம்பெல்லாம் கிரீஸ் பூசிய நிலையில் ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள்ளிருந்து வந்தது. இவையெல்லாம் விற்க முடியாத அளவுக்குப் பெயர் பெற்றவை. அதனால்தான் ஊரைத் தாண்டவில்லை. சட்டைப்பைக்குள் அடங்கும் உருளை முத்திரைகளின் கதை வேறு.

பழம்பொருள் சந்தையில் ஒரு பொருளின் விலையைத் தீர்மானிப்பதில் ‘மூலவரலாறு’க்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பொருள் எங்கே கிடைத்தது, யார் யார் கை மாறி வந்தது என்பதைக் காட்டும் ஆவணத் தொடர் அது. திருட்டுப் பொருளுக்கு இதைப் போலியாகத் தயாரிப்பதுதான் இடைத்தரகரின் முதல் வேலை: தாத்தா காலத்திலேயே வாங்கியது, இன்ன ஏலத்தில் எடுத்தது என்று ஒரு கடிதம். 1483ஆம் தீர்மானம், 1990 ஆகஸ்ட் 6க்குப் பிறகு ஈராக்கிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய பண்பாட்டுப் பொருள்களின் வணிகத்தைத் தடைசெய்தது. எனவே அந்தத் தேதிக்கு முந்தையதாகக் காட்டும் கடிதங்களுக்குத் தேவை கூடியது. மெசொப்பொத்தேமியப் பழங்காவியத்தின் நாயகன் கில்காமேஷின் கனவைச் சொல்லும் களிமண் பலகை ஒன்று, பொய்யான மூலவரலாற்றோடு விற்கப்பட்டு, வாஷிங்டனில் ஒரு அருங்காட்சியகம் வரை போய், பறிமுதலாகி, 2021இல்தான் ஈராக்குக்குத் திரும்பியது. அதே ஆண்டு அமெரிக்கா ஏறத்தாழ 17,000 பொருள்களை ஈராக்கிடம் ஒப்படைத்தது.

தமிழ் வாசகருக்கு இந்தத் தந்திரம் புதிதாக இருக்காது. ஸ்ரீபுரந்தன் நடராஜர் பொய் மூலவரலாற்றோடு 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டு, 2014இல் திரும்பி வந்தார். அவரை விற்ற சுபாஷ் கபூர் மீது நியூயார்க்கில் வழக்குத் தொடுத்த பிரிவின் தலைவர், பாக்தாதில் விசாரணை நடத்திய அதே பொக்டானோஸ்தான்.

அருங்காட்சியகத்திலிருந்து போன ஏறத்தாழ 15,000 பொருள்களில் பாதி அளவே மீண்டிருக்கிறது. உருளை முத்திரைகளில் பெரும்பகுதி இன்னும் வரவில்லை.

பிறகு என்ன மாறியது?

அமெரிக்கா 1954 உடன்படிக்கையை 2009இல் உறுதிசெய்தது. பிரிட்டன் 2017இல் உறுதிசெய்து, அதன் இரு கூடுதல் நெறிமுறைகளிலும் சேர்ந்தது. பாக்தாதில் காவல் நிற்கத் தவறியதற்காக எந்த அதிகாரியும் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. திருடுவதும் அழிப்பதும் தனிமனிதர் செய்யும் குற்றங்களாகப் போர்ச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் அளவுக்கு, தடுக்கத் தவறுவது எழுதப்படவில்லை.

2011இல் லிபியாவில் நேட்டோ குண்டுவீச்சு தொடங்கியபோது, தொல்லியலாளர்கள் கொடுத்த தாக்காப் பட்டியல் மிகத் துல்லியமாகப் பின்பற்றப்பட்டது. ராஸ் அல்மார்கெப் என்ற இடத்தில் ஒரு ரோமானியக் கோட்டையை ஒட்டி நிறுத்தியிருந்த ரேடார் வண்டிகளைக் கோட்டைக்குக் கீறல் அளவு சேதமே ஏற்படும்படி அழித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் பெங்காசியில், ஒரு வங்கியின் நிலவறைக் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கிய திருடர்கள், அங்கே பல்லாண்டுகளாக வைக்கப்பட்டிருந்த பழங்காலத் தங்க வெள்ளி நாணயங்கள் ஆயிரக்கணக்கில் அடங்கிய தொகுப்பை எடுத்துச் சென்றார்கள். நேட்டோவுக்கு லிபியாவில் தரைப்படை கிடையாது. ஆக்கிரமிப்பு இல்லாததால் 43ஆவது விதியும் அதைக் கட்டுப்படுத்தாது. பாக்தாதில் கடமை இருந்தும் ஆள் அனுப்பப்படவில்லை. பெங்காசியில், வானிலிருந்து போர் நடத்தியவர்களுக்குச் சட்டப்படி அந்தக் கடமையே பிறக்கவில்லை.